ஜெராய் மலையில் குணசுந்தரி

சுங்கை லாலாங் ஊரில் குணசுந்தரியைத் தெரியாதவர்கள் குறைவு. கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எவருக்கும் பயப்படாதவள் என்று பேர் வாங்கியவள். ஆனால் கணவன் வசந்தன் போன ஆண்டு லாரியின் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து உயிர்விட்ட பிறகு, வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அம்மா உடைந்துவிடுவாள் என்று மகள் சாந்தினி வாயை மூடிக்கொண்டாள். மகள் அழுவாளே என்று இவளும்.

கூட வேலை செய்யும் சம்சியா ஒரு மலாய்ப் புத்தகம் கொடுத்தாள். தம்பியைப் பறிகொடுத்த ஒருத்தி, எங்கோ ஒரு பனிக்காட்டில் தன்னந்தனியாக நடந்து திரிந்ததைத் தானே எழுதியிருந்தாள். தொழிற்சாலை பஸ்ஸில் படிக்கத் தொடங்கிய குணசுந்தரிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. துக்கம் என்று நடக்கப் போக இந்தப் பொம்பளைக்கு யார் லீவு கொடுத்தார்கள் என்று சம்சியாவிடம் கேட்டாள். ஆனாலும் படிப்பதை விடவில்லை. நடுவில் ஓரிடத்தில் அந்தப் பெண், கேட்க ஆளில்லாத காட்டில், செத்துப்போன தம்பியை வாய்விட்டுத் திட்டித் தீர்க்கிறாள். அதைப் படித்த அன்று குணசுந்தரி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பனிக்காட்டுக்கு எங்கே போவது? ஊருக்குப் பக்கத்திலேயே ஜெராய் மலை இருக்கிறதே. அடுத்த ஓய்வு நாளில் தனியாக ஏறப் போவதாகச் சொன்னாள். சாந்தினி கூட வருவேன் என்று அடம்பிடித்தாள்.

“வேணாம்லா. நீ வந்தா உனக்காக நான் சிரிச்சிக்கிட்டே நடக்கணும்,” என்றாள் குணசுந்தரி.

மோட்டார் சைக்கிளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, காட்டை வளைத்து மேலேறும் தார்ச்சாலையில் நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை, போகிற வருகிற வண்டியும் இல்லை. நனைந்தபடி நடந்தவளுக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

“நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பக்கத்துலதானே கிளினிக் இருக்கு?”

அடைத்துக்கிடந்ததெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. மாத்திரை போட்டேன் என்று அவன் சொன்ன பொய்களுக்கெல்லாம் சேர்த்து ஏசினாள். மரத்திலிருந்த குரங்குகள் பயந்து உள்ளே ஓடின. திட்டு தீர்ந்ததும் சும்மா பேச வந்தது. புது மேனேஜரின் அட்டகாசத்தைச் சொன்னாள், பின்வாசலில் ரம்புத்தான் காய்த்ததைச் சொன்னாள். உச்சிக்குப் போனபோது தொண்டை கட்டியிருந்தது, மழை விட்டிருந்தது. தூரத்தில் மெர்போக் ஆறு கடலில் விழும் தஞ்சோங் டாவாய் தெரிந்தது. அங்கேதான் வசந்தன் மீன் ஏற்றப் போவான். பார்க்க முடிந்தது, வலித்தது, ஆனால் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. காலில் கொப்புளத்தோடு நடந்தே இறங்கினாள்.

சாயங்காலம் சோறு போடும்போது மகளிடம் சொன்னாள்: “உங்கப்பாவ இன்னைக்கு நல்லா ஏசிட்டேன்.”

 சாந்தினி சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா தன்னை லாரி ஓட்ட வைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். குணசுந்தரிக்கு அது புதுச் செய்தி. இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிவிட்டு, முழுசாகச் சொல் என்று எதிரில் உட்கார்ந்தாள்.