பல்பொடி டப்பாவில் ஓர் எழுத்து

பலகைக்காரம்மா செய்யாத பெயர்ப் பலகை இந்த உலகத்திலேயே கிடையாது. சரி, உலகம் கொஞ்சம் அதிகம்தான். இந்தத் தெருவில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பெயர் கேட்டு வருகிறவர்களிடம் அவர் தவறாமல் ஒன்றைச் சொல்வார்: ஓர் ஆளுக்குப் பெயர் மட்டும் போதும், குடும்பம் முழுவதற்கும் என்றால் கடைசியில் ஓர் எஸ் சேர்க்க வேண்டும், அதற்கு முன்னால் அபாஸ்ட்ரபி என்கிற கொக்கி எதுவும் தொங்கக் கூடாது.

ஒருநாள் தையல்கடை அண்ணன் தம் வீட்டுப் பலகையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த எஸ்ஸை எடுத்துடும்மா. தம்பி சண்டை போட்டுட்டு வீட்டைவிட்டே போயிட்டான். இனிமே நான் ஒண்டிக்கட்டை."

"எடுத்துடலாம்ணே. ஆனா திருகாணி ஓட்டை ரெண்டும் பல்லிளிக்குமே. கேக்கறவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"என் தலையெழுத்துன்னு சொல்லிக்கிறேன். எடு."

எடுத்தார். பித்தளை எழுத்தைத் தூக்கி எறிய மனம் வராமல், திருகாணிகளோடு ஒரு பல்பொடி டப்பாவில் போட்டு வைத்தார். வாசலில் மாட்டிய பலகையிலிருந்து அந்த இரண்டு ஓட்டைகளும் அண்ணனையே முறைத்தன. பொறுக்க முடியாமல் மறுநாளே ஓடிப்போய், தம்பியைக் கையோடு அழைத்துவந்துவிட்டார். எஸ் பழைய இடத்தில் ஏறிக்கொண்டது.

"மறுநாளா?" என்று குறுக்கே விழுந்தார், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பி. "எட்டு மாசம்! அண்ணன் எங்க வந்தாரு? அந்தம்மாதான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க."