மணியடித்தால் மண்டியிட்ட மாதிரி

நய்காகாவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். முதன்முதலில் தப்பாகப் பேசியவளே நான்தான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அவள் புருஷன் தெனிவா கரும்புத் தோட்ட வேலைக்கு லாரியேறிப் போனபோது தன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். பார் வைத்த ஆண்கள் சைக்கிள். ஒரு வாரம் அதை முறைத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் பள்ளி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எங்கள் பெண்கள் உடுத்தும், கணுக்கால்வரை தொங்கும் கோமேசி உடுப்பைத் தூக்கிச் செருகி, உள்ளே தெனிவாவின் பழைய கால்சட்டையை மாட்டி, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டாள். மைதானத்துக்கு எதிரில்தான் என் தையல் கடை. அவள் விழும்போதெல்லாம் நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

"ஏண்டி, ஆம்பளையாட்டம் அது மேல ஏறினா பிள்ளை பெத்துக்க முடியாதுடி!" என்று கத்தினேன்.

முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏற்கெனவே அஞ்சு இருக்கு ககோயா. போதும்னுதான் ஓட்டுறேன்."

அவளுக்குச் சைக்கிள் விளையாட்டில்லை. ஏரிக்கரையில் விடியற்காலையில் மீன் வாங்கி, தலையில் சுமந்து எட்டு மைல் நடந்து சந்தைக்கு வருவாள். வந்து சேர்வதற்குள் மீன் நாறிவிடும், வாங்குகிறவர்களும் போயிருப்பார்கள். சைக்கிளில் வந்தால் சந்தை கூடும் நேரத்துக்கே வந்துவிடலாம். வந்தாள். முதல் வாரத்தில் அவள் கூடை காலியானதைப் பார்த்து எனக்கே வயிறெரிந்தது.

அப்புறம்தான் பலிதாவா குறுக்கே வந்தார். குலப் பெரியவர்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். எங்கள் புசோகாச் சீமையில் பெண்பிள்ளை பெரியவர்களைக் கண்டால் மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்ல வேண்டும். இவளோ அவரைப் பார்த்து மணியடித்து, "சௌக்கியங்களா ஐயா!" என்று கூவிக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் அவர் வழிமறித்தார். "இறங்கணும். மண்டி போடணும். ராத்திரி தூங்குனீங்களா, பிள்ளைங்க எப்படி, தோட்டம் எப்படின்னு முழுசா விசாரிக்கணும். இல்லேன்னா பொம்பளைக்குச் சைக்கிளே கிடையாதுன்னு கூட்டத்துல முடிவு பண்ணிடுவேன்."

"சரிங்கய்யா" என்றாள். ஏரிக்கும் சந்தைக்கும் நடுவே பதினான்கு பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். பதினான்கு இடத்தில் இறங்கினாள், மண்டியிட்டாள், ஆட்டுக்குட்டிவரை நலம் விசாரித்தாள். மீன் மறுபடி நாறத் தொடங்கியது. அதோடு விட்டார்களா? இறங்கும்போது கால்சட்டை தெரிகிறதாம். அதற்கும் ஒரு புகார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுச் சைக்கிளை நிறுத்திவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம் என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? அன்றைக்குத்தான் நான் அவள் பக்கம் வந்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, பலிதாவாவின் மகனுக்கு ஏரிப் பக்கத்துப் பெண் வீட்டில் அறிமுகச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டுக்காக எடுத்துப் பேச வேண்டியவர் பலிதாவாதான். பத்து மணிக்குப் பெண் வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எல்லாரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். ஆளேற்றிப் போகும் வாடகைச் சைக்கிள்காரர்கள் ஒருவர் விடாமல் வாழைத்தாரும் சோடாப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார்கள். பலிதாவா மட்டும் என் கடையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய வெள்ளை அங்கி மழையில் காயவில்லை. நான் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அங்கியை மாட்டிக்கொண்டு அவர் சாலைக்கு வந்தபோது மணி ஒன்பது. சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. சந்தையிலிருந்து திரும்பிய நய்காகாவைத் தவிர.

"ஏறுங்கய்யா" என்றாள்.

"பொம்பளை பின்னாலயா?"

"அப்ப நடங்கய்யா."

ஏறினார். மீன் நாற்றம் அங்கியில் ஒட்டாமலிருக்க என் மேஜை விரிப்பைக் கேரியரில் மடித்துப் போட்டேன். மற்றதை அவர்கள் இருவருமே பின்னால் என்னிடம் சொன்னார்கள்.

முதல் வாசல் வந்தது. நய்காகா நிறுத்தினாள். "ஐயா, கொஞ்சம் சைக்கிளைப் பிடிங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு மண்டியிட்டாள். தூக்கம், பிள்ளைகள், தோட்டம், ஆடு. இரண்டாவது வாசலிலும் அப்படியே. மூன்றாவது வாசலில் கிழவர் முகங்கே.

"அவருக்குக் காது கேக்காது, விடும்மா, போ!" என்றார் பலிதாவா.

"காது கேக்காதவர்னா ரெண்டு தடவை சொல்லணும்ங்கய்யா."

இரண்டு தடவை சொன்னாள். முகங்கே சந்தோஷப்பட்டு, பலிதாவாவின் மூட்டுவலியைப் பற்றியும் விசாரித்தார். நான்காவது வாசல் கண்ணில் பட்டதும் பலிதாவா அலறியே விட்டார்: "இறங்காத! மிதி!"

"மண்டி போட வேணாமாங்கய்யா?"

"மணியடி! தலையைக் குனி! அது போதும், மண்டி போட்ட மாதிரிதான்! மிதி தாயே!"

அவள் மிதித்தாள். கதவில் கை வைத்திருந்த பெண் வீட்டார், ஒரு பொம்பளை பின்னால் விரைப்பாக உட்கார்ந்து வருகிற பெரியவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சாத்த மறந்துவிட்டார்கள். கல்யாணம் நிச்சயமானது.

வேண்டுமென்றே செய்தாளா என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். அவளைக் கேட்டால், "பெரியவங்க சொல்லைத் தட்டலாமா?" என்பாள். அந்த முகத்தை நான் அறிவேன். அப்பேர்ப்பட்ட மூளை எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது.

ஞாயிறு, பலா மரத்தடியில் கூட்டம். பலிதாவா எழுந்து தொண்டையைச் செருமினார். "சைக்கிள்ல போற பொம்பளை மணியடிச்சுத் தலை குனிஞ்சா மண்டி போட்ட மாதிரிதான்" என்றார்.

"இது எப்பலேருந்து?" என்று ஒருவர் கேட்டார்.

"நேத்து ஒம்பதரை மணிலேருந்து. உக்காரு."

அப்புறம் நய்காகா எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தாள். நாற்பத்தாறு வயதில் நானும் குரங்குப் பெடல் போட்டேன். என்னைப் பார்த்து அவள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது. இப்போது ஞாயிறு மாலைகளில் பத்துப் பெண்கள் ஏரிவரை போய்த் திரும்புகிறோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "சும்மா" என்கிறோம். அந்தப் பதிலைத்தான் ஆண்களால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு முன்னால் போனவள் நம்வாசே, பலிதாவாவின் மனைவி. முப்பத்தெட்டு வருஷமாகத் தினமும் காலையில் அவர் முன் மண்டியிட்டவள். அவர் ஏரிக்குப் போகும் வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் மணியடித்தாள், அழகாகத் தலை குனிந்தாள், நிற்கவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். ராத்திரி தூங்கினாயா, உடம்பு எப்படி என்று அவர் பதிலுக்கு விசாரித்து முடிப்பதற்குள் அவள் பாலத்தைத் தாண்டியிருந்தாள்.