முப்பிடாதி அக்கா அடித்த ஹார்ன்

முப்பிடாதி அக்கா அதற்கு முன் மூன்று முறை சென்னைக்கு வந்திருக்கிறாள். மூன்று முறையும் அவள் பார்த்த சென்னை, ஒரு லாரி கேபினுக்குள் உட்கார்ந்தால் தெரிகிற அளவுதான். முன்னால் இன்னொரு லாரியின் கன்டெய்னர் கதவு. ஒரு பக்கம் என் அம்மா கன்னியம்மாவின் இட்லிக் கடை. மறுபக்கம், கடல் ரோட்டைத் தின்னாமலிருக்கக் கொட்டி வைத்த கருங்கல். இதைப் பார்க்கத்தான் கழுகுமலைப் பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வருவாள். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. சனி, ஞாயிறு என்றால்தான் வர முடியும்.

எல்லாம் அவள் புருஷன் ஜெகதீசன் அண்ணனால். துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகிற லாரியின் டிரைவர் அவர். எர்ணாவூரிலிருந்து துறைமுக கேட் வரைக்கும் இந்த லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். எங்கள் பக்கம் அதற்கு லைன் என்று பெயர். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாமே நம்புகிற மாதிரிதான் இருக்கும்.

லைனுக்கு ஒரு சட்டம் உண்டு. முன்வண்டி நகர்ந்தால் நீளமாக இரண்டு ஹார்ன் அடிக்க வேண்டும். பின்னால் இருப்பவன் அதைக் கேட்டுத் தானும் அடிப்பான், அவனுக்குப் பின்னால் இருப்பவனும் அடிப்பான். இப்படியே சத்தம் கடைசி வண்டி வரை போகும். டீ குடிக்கிறவன், குளிக்கிறவன், கட்டையைச் சாய்த்தவன் எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவர வேண்டும். வராவிட்டால் முன்னால் விழுகிற இடைவெளியில் பக்கத்து ரோட்டில் நிற்கிற லாரிக்காரன் எவனாவது வண்டி மூக்கை நுழைப்பான். மூக்கு நுழைந்துவிட்டால் இடம் அவனுடையது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட இடம் விடாதவர் என்று ஜெகதீசன் அண்ணனுக்கு லைனில் பெயர். அந்தப் பெயருக்காக யாரும் அவருக்கு ஒரு வடைகூட அதிகம் வைத்ததில்லை.

நான்காம் முறை அக்கா வந்தது ஒரு சனிக்கிழமை காலை. மெட்ரோவில் விம்கோ நகர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இறங்கினாள். கையில் ஒரு பை, பை நிறையக் காராச்சேவு. கடையில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தத் தடவ என்னைய மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"லைனு எப்ப நவுரும்னு தெர்லயே புள்ள."

"நவுருமா? என்ன பேச்சு இது! பிள்ளைங்ககிட்ட போன்ல இப்படிப் பேசிராதீங்க, அதுகளும் கத்துக்கிடும்."

"கடல் பாக்கணும்னா அதோ, ரோட்டத் தாண்டுனா கடலு."

"அது கல்லு. கல்லுக்கு அங்கிட்டுத் தண்ணி. எனக்கு மணல்ல உக்காரணும். உங்க பக்கத்துல. பின்னாடி ஒருத்தன் பாம் பாம்னு அடிக்காம."

அம்மா சட்னி ஊற்றிக்கொண்டே இடையில் புகுந்தாள். "இட்டுகினுதான் போயேன் நைனா. சாவிய வசீம் பாய் கைல குடு. பின்வண்டிதானே அவுரு, ரெண்டு வண்டியும் ஓட்டிப்பாரு."

"என் வண்டியில இன்னொருத்தன் கை வச்சதில்ல, கன்னியம்மாக்கா."

வசீம் பாய் பக்கத்துப் பெஞ்சிலிருந்து, "வண்டி பத்தினி மாமு, கலீஜ் கை நம்மளுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"சரி. நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்தத் தடவயும் இந்தப் பொட்டிக்குள்ளதான் குடித்தனம்னா, இனிமே நான் வர மாட்டேன். ஊர்ல தீபாவளிக்குப் பாத்துக்கிடுவோம்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். காராச்சேவுப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் அவர் முகம் கொஞ்சம் ஒருமாதிரி ஆனது. ஆனாலும் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. சனிக்கிழமை முழுக்க லைன் இரண்டு லாரி நீளம் நகர்ந்தது.

ஞாயிறு காலை அண்ணன் அடிபம்புக்குக் குளிக்கப் போனார். அக்கா கேபினில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த ஹார்ன் கேட்டது. நீளமாக இரண்டு.

வசீம் பாய் பாதித் தாடை சோப்போடு ஓடினார். பின்னால் ஹார்ன் போய்க்கொண்டே இருந்தது. கடையில் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் எழுந்தார்கள். ஒருத்தர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் ஒற்றைச் செருப்போடு. வரிசையாக எஞ்சின்கள் உறுமின. எல்லோரும் ஏறி உட்கார்ந்து பார்த்தால், ஜெகதீசன் அண்ணனின் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்வண்டியும் அப்படியே. அண்ணன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கதவைத் திறந்தார்.

"யாரு அடிச்சா?"

"கை பட்டுட்டு" என்றாள் அக்கா.

"ரெண்டு தடவையா?"

"ஒரு தடவ பட்டுச்சி. எடுக்கும்போது இன்னொரு தடவ பட்டுச்சி."

லைனில் அன்று புதிதாக நாலைந்து கெட்ட வார்த்தைகள் உண்டாயின. பொம்பளை இருக்கிறாள் என்பதால் எல்லாவற்றையும் ஹார்னைப் பார்த்தே திட்டினார்கள். பிறகு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். அண்ணன் மறுபடி பம்புக்குப் போய் சோப்புப் போட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஹார்ன். நீளமாக இரண்டு.

இந்த முறை யாரும் அசையவில்லை. "அக்காவுக்குக் கை மறுபடி பட்டுச்சு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். வசீம் பாய் மிச்சத் தாடையை நிதானமாகச் சிரைத்தார். அண்ணன் அவமானத்தில் கேபின் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடித்தது முன்வண்டி. நிஜமாகவே லைன் ஓடத் தொடங்கியிருந்தது. ஜெகதீசன் அண்ணன் வண்டிக்கு முன்னால் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு இடம் விழுந்தது. பக்கத்து ரோட்டில் காத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? முதலில் ஒரு மூக்கு, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று என்று உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணன் தலையைத் துவட்டித் திரும்பும்போது அந்த இடம் நிரம்பி, லைன் மறுபடி நின்றுவிட்டிருந்தது.

"முன்னாடி போறானே, பாத்துட்டுத்தானே இருந்தே? கூப்பிட வேண்டியதுதானே!"

"கூப்பிட்டேனே. உங்களுக்குக் கேக்கல."

நான் கடை வாசலில்தான் நின்றேன். எனக்கும் கேட்கவில்லை. ஆனால் லாரிகளின் சத்தத்தில் எத்தனையோ கேட்காது என்பதால், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் அந்த வண்டிகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர் போய்விட்டது. அவர் அக்காவை ஏதாவது சொல்வாரென்று அம்மாகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குள் வசீம் பாய் வந்து தோளில் கை போட்டார்.

"இன்னா பேஜாரு மாமு உனுக்கு? இத்தினி வண்டி பூந்துட்ச்சு. இனி ராத்திரிக்கு முன்ன நம்ம டயரு சுத்தாது. இங்க நின்னுகினு இன்னா பண்ணப் போற? கொண்டா."

கை நீட்டினார். அண்ணன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் விரலை விடவில்லை. பாய் இழுத்து வாங்கிக்கொண்டார். அக்கா அப்போது புடவையை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். எப்போது மாற்றினாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வழி காட்ட அம்மா என்னை அனுப்பினாள். இத்தனை வருஷமாகச் சென்னையில் லாரி ஓட்டுகிறவருக்குத் துறைமுக கேட்டுக்கு வழி தெரியும், பீச்சுக்குத் தெரியாது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனோம்.

மெரினா மணலில் அக்கா ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கவே வெகுநேரம் ஆனது. கூட்டம் இல்லாமல், தண்ணீர் தெரிகிற மாதிரி, குதிரை வராத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்தில் உள்ளே போகக் காத்திருக்கிற கப்பல்கள் நின்றன.

"பாத்தியா, அதுங்களும் லைன்லதான் நிக்குது" என்று சொல்லி அண்ணன் முதுகைச் சாய்த்தார். அவ்வளவுதான். அடுத்த பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை. குறட்டைதான் வந்தது.

கேபினில் அவர் எப்படித் தூங்குவார் என்பது லைனுக்கே தெரியும். முழங்காலை மடக்கி, ஒரு காதை முன்வண்டிப் பக்கம் வைத்து. இங்கே கையும் காலும் நாலு பக்கமும் போட்டு, வாய் திறந்து கிடந்தார்.

அவர் காலை மணலில் புதைத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் யோசித்தாள்.

"முட்டி வரைக்கும் மட்டும். முழிச்சிறப் போறாரு, மெதுவா."

இரண்டு பேரும் சேர்ந்து புதைத்தோம். அவர் அசையவே இல்லை. சுண்டல்காரன் பக்கத்தில் வந்து கத்தியபோது அக்கா அவனைக் கையைக் காட்டித் துரத்தினாள். பிறகு கூப்பிட்டு ரகசியமாக வாங்கித் தின்றாள். வெயில் அண்ணன் முகத்தில் விழுந்தபோது நான் சும்மா எழுந்து போய் அந்தப் பக்கமாக நின்றேன். நிற்க எங்காவது ஓர் இடம் வேண்டுமே.

அவள் தண்ணீரில் காலைக்கூட நனைக்கவில்லை. கலங்கரை விளக்கம், மீன் வறுவல் கடை எதற்கும் எழுந்திருக்கவில்லை. கடலைக் கொஞ்சம் பார்ப்பாள், இந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் பார்ப்பாள். இந்தப் பக்கம் பார்த்ததுதான் அதிகம்.

அண்ணன் எழுந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். காலை உருவ முடியாமல் தடுமாறி, என்னைப் பார்த்து, "டேய்" என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"ஏன் எழுப்பல? ரயிலுக்கு நேரமாச்சு. ஒண்ணுமே காட்டலியே உனக்கு."

"நேரம் போனதே தெரியல" என்றாள் அக்கா. அவர் சட்டையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

எழும்பூரில் ரயில் ஏறின பிறகு ஜன்னல் வழியே, "தை பொறந்ததும் ஒரு சனிக்கிழம வாரேன்" என்றாள். அண்ணன் போனை எடுத்து வசீம் பாயைக் கூப்பிட்டார். நான் லைனைப் பற்றி விசாரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"பாய், தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழம முழுசா சாவி உன்கிட்டதான். இப்பவே சொல்லிட்டேன்."

ரயில் கிளம்பியது.