கசிவுப் பலகையில் மூக்கண்ணன்

படகில் கழிப்பறை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போனதெல்லாம் பிறகு எங்கே போகிறது என்று கேட்டவர்தான் இன்னும் பிறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. படகு கரை சேரும்வரை சகலத்தையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறது. அப்படிப்பட்ட தொட்டிகளை வைக்கவும் எடுக்கவும் அந்தப் படகுப் பட்டறையில் இருந்த ஒரே ஆள் மூக்கண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அடுக்குமாடி வீடுகளில் குழாய் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு மாறுதலுக்காகப் பட்டறைக்கு வந்தார். வந்த வாரமே ஒரு படகில் கால் வைத்து, மூச்சை இழுத்து, "இடது பக்கம், ரெண்டாவது கிளிப்பு" என்றார். கழற்றிப் பார்த்தால் அதேதான். அன்றிலிருந்து மூக்கண்ணன்.

உண்மையில் அவர் மூக்கை அவ்வளவாக நம்புவதில்லை. வெந்நீரில் நனைத்த துணியை ஒவ்வொரு குழாயிலும் சுற்றி வைப்பார். சற்று நேரம் கழித்து அந்தத் துணியை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு எடுத்துப்போய் மோந்து பார்ப்பார். துணி நாறினால் குழாய் குற்றவாளி. நாறாவிட்டால் குழாய்க்கு விடுதலை. இந்த வித்தையை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். போட்டிக்கு ஒருத்தரும் வரவில்லை.

படகு வாங்குகிறவர்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரும் எடுத்துக்கொண்டதில்லை. எஞ்சின் நின்றுவிட்டால் எஞ்சின் கெட்டுவிட்டது என்பார்கள். தொட்டி கசிந்தால் மட்டும் மூக்கண்ணன் கெடுத்துவிட்டான் என்பார்கள். இதில் அவருக்கு இருபத்தெட்டு வருஷக் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தைக் காட்ட ஒரு நல்ல சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அதை மேனேஜர் ஏற்படுத்திக் கொடுத்தார்.

மேனேஜர் எங்கோ போய் இரண்டு நாள் 'பொறுப்புணர்வுப் பயிற்சி' எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் டீக்கடைத் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகையை மாட்டினார். எண்ணெயோ டீசலோ தண்ணீரோ, யார் செய்த வேலை கசிகிறதோ அவர் பெயர் அதில் ஏறும். சீசன் முடிகிறவரை இறங்காது. பெயர் ஏறியவரிடம் எந்தப் படகுக்காரரும் படகை ஒப்படைக்க மாட்டார். விசாரணை பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பெயர் முதலில் ஏறிவிட வேண்டும், அதுதான் பொறுப்புணர்வு.

ஒரு திங்கட்கிழமை டீ நேரத்தில் மூக்கண்ணன் பெயர் அதில் இருந்தது. எழுதியவர் அவருடைய மனைவியின் தம்பி. படகுகளுக்குப் பெயர் எழுதுவதுதான் அவருக்கு வேலை. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்தார்.

"எழுத்து நல்லா வந்திருக்கு மாப்ளே."

"மேனேஜர் சொன்னாரு மாமா. நான் என்ன பண்ணட்டும்?"

"எழுத்துக்கு நிழல் வேற குடுத்திருக்க."

"கைப்பழக்கம் மாமா."

விஷயம் இதுதான். படகு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அவருடைய மோட்டார் படகில் ஒரு வாரமாக உட்கார முடியவில்லை, அவ்வளவு நாற்றம். படகின் அடித்தளத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொட்டியை வைத்தவர் மூக்கண்ணன். தலைவர் போனில் மேனேஜரைப் பிடித்து உலுக்க, மேனேஜர் பெயிண்டரை அழைத்துவிட்டார்.

மூக்கண்ணன் டீயை வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"தலைவர் ரொம்பச் சூடா இருக்காருண்ணே," என்றார் மேனேஜர். "நீங்க ஒத்துக்கிட்டா விஷயம் முடிஞ்சது."

"எதை ஒத்துக்கணும்?"

"நீங்க வெச்ச டேங்க்தானே?"

"நான் வெச்சதுதான். வெச்ச அன்னைக்குக் கசியல."

"இப்பக் கசியுதே."

"இப்ப உங்க தலையில முடி இல்ல. அதுக்கு, அன்னைக்கு முடி வெட்டினவன் பேரை எழுதுவீங்களா?"

மேனேஜர் தலையைத் தடவிக்கொண்டார். பழைய தொட்டியை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு விருந்தாளிகள் படகில் போகிறார்கள் என்றார். எதனால் கசிகிறது என்று தெரிந்த பிறகு பெயரைப் பற்றிப் பேசலாம் என்றும் சொல்லிவைத்தார். அது வாக்குறுதி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வழக்கப்படி பின்கட்டில் உடையைக் களைந்து, மூன்று தடவை சோப்புப் போட்டு, உள்ளே வர அனுமதி கிடைத்ததும் மனைவி ஆரம்பித்தார்.

"பேர் போட்டா போட்டுட்டுப் போறாங்க. ஒரு மாசம் வீட்ல இருங்க. சமையல்கட்டுக் குழாய் எட்டு மாசமா சொட்டுது. ஊரெல்லாம் கசிவு பாக்கறீங்க."

"நான் தப்பா வெச்சிருந்தா நானே போய் எழுதியிருப்பேன்."

"அது எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. தம்பியைத் திட்டாதீங்க, பாவம் அவன் சாப்பிடவே இல்ல."

"நிழல் குடுத்தவனுக்குப் பசி எடுக்காதுதான்."

மறுநாள் காலை மூக்கண்ணன் தலைவருடைய படகில் ஏறினார். முதலில் தொட்டியில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு துணி வைத்தியம். குழாய்கள் எல்லாம் சுத்தம். கிளிப்புகள் அவர் இறுக்கிய இறுக்கத்திலேயே இருந்தன. அப்படியானால் தொட்டிதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தொட்டிக்கு மேலே எளிதாகத் தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு பலகையைத்தான் போட்டு வைத்திருந்தார். இப்போது அங்கே மெத்தை ஒட்டிய, வளைவு வேலைப்பாடு செய்த கட்டில் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு நாள் ஒரு மனிதன் கையை விட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காத கட்டில். மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே அறுத்தார். தொட்டியைக் கட்டியிருந்த பட்டைகளைக் கழற்றினார். குழாய்களைப் பிரித்தார். காலித் தொட்டி, ஒரு கையால் தூக்கலாம். இழுத்தார். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். வரவில்லை.

எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரலை நுழைத்துத் தடவினார். ஈரம். ஈரத்தின் மேல்முனையில் ஒரு உலோகம். தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே, பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு திருகாணியின் துருப்பிடித்த முனை விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டியைச் சுவரோடு சேர்த்து யாரோ முடுக்கியிருந்தார்கள். புதிதாக இருந்தபோது திருகாணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. துரு அரிக்க, எஞ்சின் அதிர அதிர, ஓட்டை பெருத்துவிட்டது.

எழுந்து சுவரின் அந்தப் பக்கம் போனார். அது படகின் வரவேற்பறை. வெள்ளைச் சோபாவுக்கு எதிரே சுவரில் பளபளவென்று ஒரு பித்தளைப் பட்டயம். 'மிகச் சிறந்த படகுப் பராமரிப்புக்காகச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கு வழங்கப்பட்டது.' கீழே கையொப்பம்: தலைவர். நான்கு மூலைகளில் மூன்றில் குட்டியான பித்தளைத் திருகாணி. நான்காவது கறுப்பு இரும்பு, தலையே பட்டாணி அளவு.

மூக்கண்ணன் அந்த நான்காவது மூலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதே உடையோடு அந்த வெள்ளைச் சோபாவில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். செய்யக்கூடாத காரியம்தான். செய்தார்.

தகவல் போய் மேனேஜர் வந்தார். பின்னாலேயே தலைவரும் அவர் மனைவியும் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்கள். மூக்கண்ணன் கறுப்புத் திருகாணியை எல்லோர் கண் முன்னாலும் திருகி எடுத்தார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்த அறையில் தொட்டி தானாகத் தொப்பென்று சாய்ந்தது.

"நாலாவது ஸ்க்ரூ தண்ணியில விழுந்துடுச்சு," என்றார் தலைவர். "கைக்குக் கிடைச்சதைப் போட்டேன்."

"மூணே போதுமேன்னு விட்டிருக்கலாம்."

"சரி விடுங்க. டேங்குக்கு வயசாயிடுச்சுன்னு வெச்சுப்போம். சாயங்காலம் எல்லாரும் போனதும் உங்க பேரை அழிக்கச் சொல்லிடறேன்."

மூக்கண்ணன் காதுகள் சிவந்தன. "டீ நேரத்துல எழுதினீங்க. டீ நேரத்துலதான் அழிக்கணும். ஏன் அழிக்கறோம்னு சொல்லி அழிக்கணும்."

மேனேஜர் குறுக்கே வந்தார். "ஓனர் பேரைப் பலகையில எழுத விதி இல்லண்ணே."

"எழுதச் சொல்லல. சொல்லச் சொன்னேன். புது டேங்க் வெளியில இருக்கு. நானும் அங்கதான் இருப்பேன்."

போய்ப் புதுத் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை என்பதை மேனேஜர் தலைவரிடம் காதோடு காதாகச் சொல்வது தூரத்திலிருந்தே தெரிந்தது.

டீ நேரத்தில் வெல்டர்கள், தச்சர்கள், எஞ்சின்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஒரு சிறு தொழில்நுட்பக் காரணத்தால், தொட்டியின் மீது வெளிப்புறத்திலிருந்து ஏற்பட்ட ஒரு அழுத்தம்..."

"அது என்ன அழுத்தம்?" என்றார் தலைவரின் மனைவி, டீ கிளாஸைக் கீழே வைக்காமல். "ஸ்க்ரூ போட்டது இவர். பட்டயம் நேரா இருக்கான்னு எட்ட நின்னு பாத்தது நான். இன்னும் கொஞ்சம் இறுக்குங்கன்னு சொன்னதும் நான்தான். மூக்கண்ணன் வெச்ச டேங்க்ல ஒரு குத்தமும் இல்ல."

யாரோ டீயைத் துப்பினார்கள். சிரிப்பு ஒரு சுற்று வந்து ஓய்வதற்குள் தலைவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "ஆமா, நான்தான்" என்றார். சத்தம் குறைவு. ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது.

மச்சினன் ஈரத்துணியால் பலகையைத் தேய்த்தார், தேய்த்தார். பெயர் அசையவில்லை.

"பெயிண்ட்ல எழுதிட்டேன் மாமா. தின்னர் வேணும்."

"பலகையில எவன்டா பெயிண்ட்ல எழுதுவான்?"

"சீசன் முடியற வரைக்கும் நிக்கணும்னு சொன்னாரு."

தின்னர் வந்தது. கடைசி எழுத்து போகிறவரை மூக்கண்ணன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பலகையைச் சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மூலையைக் காட்டி இன்னொரு தடவை துடைக்கச் சொன்னார். கோபம் போனதா என்றால் போகவில்லை. இத்தனை பேர் முன்னால் ஏறின பெயர் இறங்க, ஒரு பெண்மணி வாய் திறக்க வேண்டியிருந்ததே என்பதில் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

புதுத் தொட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். உதவிக்கு நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நழுவப் பார்த்த தலைவரை அழைத்தார்.

"அந்த முனையைப் பிடிங்க, சார். புதுசுதான், நாறாது."