கிண்ணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமையை நான் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டேன்.

அச்சுப் பிழை இல்லை. அவசரப்பட்டு ஆசிரியருக்குக் கார்டு போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையன்று சாப்பிட்டேன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையையே சாப்பிட்டேன். இன்னும் அந்த ஆச்சரியம் அடங்கவில்லை... அதனால் இந்த வாரம் வேறு எதுவும் எழுத வரவில்லை.

எங்களுக்கு அடுத்த வீட்டில் லூர்து இருக்கிறாள். சொந்த ஊர் ஆவூர். இங்கே புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் சவரிமுத்து பட்டாளத்தில் சமையல்காரர். யுத்தத்தின்போது சேர்ந்தவர், நடுவில் ஒரே ஒரு தடவைதான் லீவில் வந்தார். அப்போது மகள் பிலோமினா கைக்குழந்தை. யுத்தம் முடிந்து, ஆட்களைக் கலைத்து அனுப்பி, போன மாதம்தான் ஒரேயடியாக வீடு திரும்பினார். பிலோவுக்கு இப்போது நாலு வயது.

வாசலில் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றவரைப் பார்த்து லூர்து அழுதாள். நானும் அழுதேன். பிலோ மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஆத்தா, அப்பா வந்திருக்காங்க. இங்கிட்டு வா" என்றாள் லூர்து.

"எங்க அப்பா அங்கிட்டு இருக்காங்க" என்று குழந்தை உள்ளே சுவரைக் காட்டியது.

சுவரில் ஒரு போட்டோ. முறுக்கு மீசை, சாய்த்து வைத்த தொப்பி, பூரித்த கன்னம். தினமும் ஜெபம் முடிந்ததும் அந்தக் கண்ணாடிக்குத்தான் பிலோ முத்தம் கொடுப்பாள். வந்து நின்றவரோ அஸ்ஸாம் காட்டு மலேரியாவில் கன்னம் ஒட்டி, மீசை போய், பாதி முடி உதிர்ந்த மனிதர். குழந்தையைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஒரு மாதமாக அவருக்கு அந்த வீட்டில் ஒரே பெயர்தான் — 'அந்த ஆளு'. பெப்பர்மிண்ட் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். மரப்பாச்சி வாங்கினார். முதுகில் ஏற்றி யானை சவாரி காட்டுகிறேன் என்றார். ஊஹூம். ஒரு பட்டாளத்துக்கே சோறு போட்ட கை அது. அந்தக் கையிலிருந்து ஒரு பிஸ்கட் வாங்க மாட்டேன் என்கிறது ஒரு குழந்தை!

போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, சண்டே செஞ்சு பாத்துரலாம்னு இருக்கேன்."

"சண்டேல என்ன செய்யப் போறீங்க?"

"சண்டேல இல்லக்கா. சண்டேயே செய்யப் போறேன்."

என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார். சமஸ்தான ஆபீசில் குமாஸ்தா. ஸ்பெல்லிங் தப்பைக் கண்டால் சாப்பாடு இறங்காது அவருக்கு. சவரிமுத்து காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். சண்டேயின் கடைசி எழுத்து 'ஒய்' அல்லவா? அதை எடுத்துவிட்டு 'ஈ' போட்டார்.

"தப்பு" என்றார் இவர்.

"தப்பேதான் சார். வேணும்னே செஞ்ச தப்பு!"

அப்புறம்தான் கதை வந்தது. அஸ்ஸாமில் இவர்களுடைய முகாமுக்குப் பக்கத்திலேயே அமெரிக்கர்களின் முகாம். அந்தச் சமையல்கட்டில் சவரிமுத்துவுக்கு ரெண்டு சிநேகிதர்கள். காட்டு நடுவில், மழையில், கொசுவில், அவர்கள் ஐஸ்கிரீம் செய்வார்களாம். அதன்மேல் பாகு ஊற்றி, பழம் வைத்து, முந்திரி தூவினால் அதற்குப் பெயர் சண்டே.

"அவுங்க ஊர்ல ஐஸ்கிரீம்ல சோடா ஊத்திச் சாப்புடுறது ரொம்பப் பிரியம். ஆனா சில ஊர்ல ஞாயித்துக்கெழம சோடா விக்கக் கூடாதுன்னு தடையாம்."

"சோடாவுல என்னங்க பாவம்?" என்றேன்.

"கர்த்தர் நாள் அன்னிக்கு கடையில உக்காந்துக்கிட்டு சர்ர்ருனு உறிஞ்சுனா நல்லாவா இருக்குன்னு பெரியவங்களுக்குக் கோவம். கடைக்காரன் பாத்தான். சோடாதானே கூடாது? ஐஸ்கிரீமு கூடாதுன்னு சொல்லலையே! சோடாவ விட்டுட்டு, அதுல கலக்குற பாக மட்டும் மேல ஊத்திக் குடுத்துட்டான். ஞாயித்துக்கெழம விக்கிற பண்டம், அதனால சண்டே. அப்புறம் அதுக்கும் சண்டை. புனிதமான நாளோட பேர தீனிக்கு வைக்கிறதான்னு. சரின்னு கடைசி எழுத்த மாத்திட்டாங்க. ஒய்யி போச்சு, ஈ வந்துச்சு."

"இனிப்புன்னா ஈ வரத்தானே செய்யும்!" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன முதல் ஜோக். நான் அதற்கே அசந்துபோனேன்.

இது நிஜக் கதையா? சவரிமுத்துவுக்கும் தெரியாது. அந்த ரெண்டு சிநேகிதர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள். 'சண்டே பிறந்தது எங்கள் ஊரில்தான்' என்று ஒருவர். 'உங்கள் ஊரில் ஐஸ்கிரீமே கிடையாதே' என்று இன்னொருவர். வாடிக்கைக்காரர் யாரோ ஆசைப்பட்டுக் கேட்டதால் ஊற்றியது, தடையும் இல்லை, மண்ணும் இல்லை என்று மூன்றாவதாக ஒரு கட்சி வேறு. தலைக்கு மேல் விமானம் போகிறது, இங்கே கரண்டியைத் தூக்கிக்கொண்டு சண்டை!

எனக்கு அது அற்புதமாகப் பட்டது. வேண்டாம் என்று ஒரு கதவைச் சாத்தினால் மனிதன் திரும்பிப் போய்விடுகிறானா என்ன? சுவரைத் தடவிப் பார்த்து ஜன்னலைக் கண்டுபிடித்துவிடுகிறான்...

எங்களுக்கும் தடை இருந்தது. சர்க்கரை. ரேஷனில் வருவது காபிக்கே காணாது. "சீனி இல்லாம ஐஸ்கிரீமா?" என்று லூர்து கையை விரித்தாள். சவரிமுத்து கொஞ்சம் யோசித்தார். "பாலுக்கு ஒரு கைப்பிடி போதும். இனிப்ப மேல ஊத்திக்கிருவோம். கருப்பட்டி இருக்குல்ல?"

ஞாயிறு விடியும்போதே ஐஸ் வாங்கத் திருச்சிக்குக் கிளம்பினார்.

"பூசைக்குப் போகாம ஐசுக்குப் போறீங்களாக்கும்?" என்றாள் லூர்து.

"திருச்சில பூச பாத்துட்டுத்தான் ஐஸ் பாப்பேன். போதுமா?"

நாங்கள் பாலைச் சுண்டக் காய்ச்சி ஆற வைத்தோம். கருப்பட்டியைக் கரைத்து, வடிகட்டி, சுக்குத் தட்டிப் போட்டுப் பாகு காய்ச்சினோம். பலாச்சுளையை நறுக்கினோம். கந்தர்வக்கோட்டை முந்திரியை நெய்யில் வறுத்தோம். எல்லாம் ஆயிற்று. ஆள் வரவில்லை. ரயில் லேட்! வெயிலோ கல்லை உருக்குகிறது. லூர்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "ஐசும் கரஞ்சு போச்சுன்னா மனுஷன் ஒடஞ்சு போயிருவாருக்கா" என்றாள் மெதுவாக.

கடைசியில் வந்துவிட்டார். தோளில் சாக்கு. முதுகெல்லாம் ஈரம், மரத்தூள். மண்ணெண்ணெய் டின் அளவு வாங்கிய ஐஸ், ரொட்டி அளவுக்கு இளைத்திருந்தது. அவர் அதை உடைத்து, வாளியில் போட்டு, கல் உப்பைக் கொட்டி, நடுவில் பால் இருந்த தூக்குவாளியை இறக்கி, அதன் பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியுமாகத் திருப்ப ஆரம்பித்தார்.

பிலோ தூணைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, அந்த ஆளு என்ன பண்றாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து முந்திக்கொண்டார். குழந்தையைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, பாலத் தூங்க வைக்கிறேன்னு சொல்லுங்க."

"பாலு தூங்குமான்னு கேளுங்க பெரியம்மா."

"தாலாட்டுற மாதிரி ஆட்டுனாத் தூங்கும்னு சொல்லுங்க. கை வலிக்குது, ஒத்தாசைக்கு ஆள் இருந்தாத் தேவலைன்னும் சொல்லுங்க."

நான் எடுத்துச் சொல்லத் தேவை இருக்கவில்லை. பிலோ இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். வாளிக்கு எதிரே குந்தினாள். பிடியின் மறு ஓரத்தில் ரெண்டு சின்னக் கைகள் வந்து உட்கார்ந்தன. அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்... ஓடிவிடப் போகிறாளே என்று.

மூடியைத் திறந்தபோது ஐந்து பேர் தலையும் ஒன்றாகக் குனிந்தது. பால் இல்லை! காலையில் என் கையால் காய்ச்சிய பால், தளும்பிக்கொண்டு இருந்த பால், வெண்ணெய் மாதிரி கரண்டியில் நிற்கிறது. அடுப்புக்கு முன்னால் இத்தனை காலம் நின்றவள் நான். நெருப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். குளிர் சமைக்கும் என்று யார் சொன்னார்கள் எனக்கு?

அதன்மேல் கருப்பட்டிப் பாகு கறுப்பாக வழிந்து, குளிர் பட்ட இடத்திலேயே இழையாக உறைந்தது. பலாச்சுளை. முந்திரி. ஒரு வாய் வைத்தேன். சுக்கின் உறைப்பு, பலாவின் வாசனை, அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரு குளிர்ச்சியாக இறங்கி... இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்பெல்லிங் சரிதான்" என்றார்.

பிலோ முதல் வாய்க்கே தோளைக் குறுக்கிச் சிலிர்த்தாள். கிண்ணம் காலியாகும்வரை ஸ்பூன் நிற்கவில்லை. அப்புறம், "இதுக்குப் பேரு என்ன?" என்றாள். நேராக அவரிடமே.

"ஞாயித்துக்கெழம."

அவள் அவரையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா, தெரியவில்லை. அன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் லூர்து, "இன்னும் அப்பான்னு கூப்புடலையேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு வாசற்படியில் சவரிமுத்து காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து பிலோ தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். கையில் பீங்கான் கிண்ணம். அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, இன்னிக்குத் திங்கக்கெழம இருக்கா?"

காபி மடியில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு ஆத்தா... இருக்கு. செத்த இரு" என்று எழுந்து அடுப்படிக்கு ஓடினார். ஐஸ் ஏது, பால் ஏது? சூடான இட்லியின் மேல் மிச்சமிருந்த கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கொண்டுவந்தார். அதுதான் திங்கட்கிழமை. பிலோ ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

அமெரிக்காக்காரர்கள் பாவம், ஒரு நாளைத் தின்ன எழுத்தை மாற்ற வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் ஏது... திங்கத்தானே திங்கக்கிழமை!