பென்சில் பியானோ

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். அப்போது நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அலுவலகத்தில் யார் ரிட்டயர் ஆனாலும் பிரிவு உபசார விழாவில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேறு எந்த வேலைக்கும் என்னை நம்பிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. நாலு பேர் கூடினால் என் வாய் அரிக்க ஆரம்பித்துவிடும். அந்த வாயை ஒரு பெரிய சொத்தாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

மகள் படித்த பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்குப் பியானோ வாசிப்பார்கள். பிரார்த்தனை முடிந்து மற்ற பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகும் இவள் அந்தப் பியானோ பக்கத்திலேயே நிற்கிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். பாட்டு, வீணை, பரதம் என்று எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டியவள், பியானோ என்றதும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாந்தோமில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, சுவரோடு ஒட்டி நிற்கும் பழைய பியானோ ஒன்றை அவர்களிடமிருந்து வாங்கினேன்.

அதை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வண்டிக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பீரோ மாதிரி கீது, உள்ள துணி வெக்க எடமே இல்லியே" என்றார். "உள்ளே பாட்டு வெச்சிருக்கு" என்றேன். "அதான் இந்த கனம் கனக்குது" என்றார் அவர், சிரிக்காமல். அன்று என்னை விட நன்றாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

சாந்தோமிலேயே ஒரு டீச்சரிடம் வாரம் இரண்டு நாள் வகுப்பு. முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார்: தினமும் வீட்டில் அரை மணி நேரம் வாசிக்க வேண்டும், அடித்து மிரட்டி உட்கார வைத்தால் வராது, குழந்தை விரும்பி உட்காரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையைச் சந்தோஷமாக வைத்திருப்பது என் துறை அல்லவா?

அன்று முதல் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பியானோ பக்கத்தில் நிற்பேன். கரண்டிதான் மைக். அவள் வாசிப்பதற்கு நான் கிரிக்கெட் வர்ணனை கொடுப்பேன். வலது கை நன்றாக ஓடினால் பவுண்டரி. இடது கை சேர்ந்தால் சிக்ஸர். விரல் தவறிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து, "க்ளீன் போல்ட்" என்பேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அரை மணி நேரம் போவதே தெரியாது. குழந்தைகளைப் பழக வைப்பது எப்படி என்று அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது வகுப்பே எடுத்தேன். இரண்டு பேர் குறிப்பெடுக்காத குறைதான்.

சில வாரம் கழித்து ஒரு மாற்றம் வந்தது. நான் வீட்டுக்கு வருவதற்குள் அவள் வாசித்து முடித்திருப்பாள். என் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போது கேட்கும் ஒலி, வாசலில் நிறுத்தும்போது நின்றிருக்கும். உள்ளே போனால் மூடி சாத்தியிருக்கும். பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். வேறு எப்படி யோசிக்க முடியும், நான் நானாக இருக்கும்போது?

அந்த வருஷம் நவராத்திரியில் எட்டாம் நாள். கொலு பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளுமாகக் கூடம் நிறைந்திருந்தது. வழக்கம்போல் ஒரு மாமி மகளைப் பார்த்து, "நீ ஒரு பாட்டுப் பாடேன்டி" என்றார். இவள் பாட மாட்டாள், பியானோ வாசிப்பாள் என்றாள் என் மனைவி. மகள் மறுக்காமல் எழுந்து போய் உட்கார்ந்தது எனக்கே ஆச்சரியம். ஒரு மாதமாக ஒரு சின்ன இசைத் துண்டைப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து வாசிக்கும் முதல் துண்டு. அதைத்தான் ஆரம்பித்தாள்.

மூன்று வரி போனது. நாலாவது வரியில் இடது கை தவறியது. அவள் நிறுத்தினாள். திரும்பவும் ஆரம்பிக்க மூச்சு எடுத்தாள்.

அந்த ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, அதில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சுண்டலைக் கிண்ணங்களில் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி என் கையில் இருந்தது. "அவுட்" என்றேன்.

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே நாலாவது வரி, அதே இடம். இந்த முறை நான் பேசவில்லை. அம்பயர் மாதிரி ஒரு விரலை மட்டும் உயர்த்தினேன். முன்பை விடப் பெரிய சிரிப்பு. ஒரு மாமிக்குப் புரையேறி, தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாவது முறை அவள் ஆரம்பிக்கவில்லை. மூடியைச் சாத்திவிட்டு எழுந்தாள். கிண்ணங்கள் வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சுண்டல் கொடுக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி வைத்தோம். பியானோவைத் தூக்கிக் கொலுப் படிக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியாது என்பதால், இருந்த இடத்திலேயே சந்தனம், குங்குமம் வைத்து, மனைவியின் பழைய பட்டுப்புடவையை மடித்து மேலே போர்த்தினோம். அன்று யாரும் எதையும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, புத்தகம் என்றால் ஒரு வரி படிக்க வேண்டும், வாத்தியம் என்றால் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

விஜயதசமி காலையில் அவள் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். நான் பியானோ மேலிருந்த பட்டை எடுக்கப் போனேன். அவள் வந்து அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது சாமிகிட்டயே இருக்கட்டும்ப்பா."

"எவ்ளோ நேரத்துக்கு?"

"எப்பவும். எடுக்கவே வேணாம்."

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. சரஸ்வதிக்கு நாலு கை இருந்தும் வீணைக்கும் புத்தகத்துக்குமே சரியாகப் போய்விடுகிறது, இதை வேறு எப்படித் தூக்குவாள் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நுனியை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பட்டு அப்படியே கிடந்தது. கொலு பொம்மைகள் பெட்டிக்குள் போயின, பட்டு போகவில்லை. தீபாவளி வந்து போனது. ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று பியானோ டீச்சர் கேட்டபோது ஜுரம் என்று பொய் சொன்னேன். பிள்ளைக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான், இந்தப் பெட்டியை வாங்க ஆள் பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதக் காகிதம் தேடி மகளின் ரஃப் நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து தாள் கிழிக்கலாம் என்று பின்னாலிருந்து திறந்தேன். எதிரெதிரே இரண்டு பக்கத்தையும் சேர்த்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பியானோக் கட்டைகள் வரைந்திருந்தாள். கறுப்புக் கட்டைகளைப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தாள். நடுவில் இருந்த கட்டைகள் மட்டும் விரல் பட்டுப் பட்டு, கரி பரவி, கோடே தெரியாமல் மழுங்கிப் போயிருந்தன. இடது பக்கம் இரண்டு இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் விரல் நுனிகள் கறுப்பாக இருந்ததைப் பார்த்திருந்தேன். அடுப்புக் கரி அள்ளப் போனாயா என்று கேலி செய்ததும் நான்தான். தரையில் குப்புறப் படுத்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஹோம்வொர்க் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். செய்துகொண்டிருந்தது இதை. சத்தம் வராத பியானோ. அதில் தப்பு வந்தால் யாருக்கும் கேட்காது.

அவளுக்குப் பாட்டு சலிக்கவில்லை. என் வாய்தான் சலித்திருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன். அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, தனக்கு முன்பே தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அதையும் ஒரு ஜோக் ஆக்கி ஆபீஸ்ல சொல்லிட்டு வருவீங்க."

நான் என்ன செய்யணும் என்று மட்டும் கேட்டேன்.

"சாயங்காலம் ஆறுலேர்ந்து ஆறரை வரைக்கும் வீட்ல இருக்காதீங்க. தினமும். அவளுக்குத் தெரியற மாதிரி சொல்லிட்டுப் போங்க."

அப்படியே செய்தேன். ஆறு மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு, குளத்துப் பக்கம் போய்விட்டு அரை மணியில் வருகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று, பிறகு பூக்கடை ஓரமாகக் கொஞ்சம் நிற்பது. குழந்தை சந்தோஷமாக இருக்க வேண்டுமென்றால் அப்பன் வீட்டில் இருக்கக் கூடாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு நடப்பது லேசான வேலை இல்லை. தெரிந்தவர்கள் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் பட்டைத்தான் பார்ப்பேன். சந்தனக் கறை பட்ட நுனி இடது பக்கம் தொங்கும். ஒரு வாரம் அது அசையவே இல்லை. இனிமேல் தொடவே மாட்டாள் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் திரும்பி வந்தபோது அந்த நுனி வலது பக்கம் இருந்தது. நான் பார்த்ததை யாரும் பார்த்துவிடாமல் கை கால் அலம்பப் போனேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நல்ல மழை. குடை எடுக்காமல் கிளம்பியவன், குளத்தை எட்டுவதற்குள் திரும்பி ஓடிவந்தேன். எங்கள் கூடத்து ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். அதன் மேல் ஒரு சின்ன சன்ஷேட். அதன் கீழே வந்து நின்றபோதுதான் உள்ளே பியானோ கேட்டது.

அதே துண்டு. மூன்று வரி போனது. நாலாவது வரியில் அதே இடத்தில் தவறியது. நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மகள் முதலிலிருந்து ஆரம்பிக்காமல், அந்த நாலாவது வரியை மட்டும் மெதுவாக வாசித்தாள். தவறியது. மறுபடியும். மனைவிக்குச் சங்கீதத்தில் ச தெரியாது. "ம்" என்றாள், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எத்தனை தடவை வாசித்தாளோ, நான் எண்ணவில்லை. சன்ஷேட் என் தலைக்கு மட்டும்தான் காணும், மற்ற பாகமெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. நான் உள்ளே போனால் அது நின்றுவிடும்.

கடைசியில் ஒரு தடவை இடது கை சரியாக விழுந்தது. அவள் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனாள், அதற்கடுத்த வரிக்கும். முடிவு வரை போனாள். முடிந்ததும் உள்ளே அவள் சிரித்தாள். வெறும் மூச்சு மாதிரி, தனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு. நான் அவளைச் சிரிக்க வைத்த எந்த நாளிலும் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

மணி ஆறரை ஆகியிருக்க வேண்டும். நான் வரும் நேரம் என்று கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்தாள். தலை காய்ந்திருந்தது, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"எவ்ளோ நேரமா நிக்கறே?"

இப்பத்தான் வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"ரொம்ப நேரமா."

"தப்பு வந்துதே, கேட்டுச்சா?"

எனக்குள் ஒரு நாலைந்து ஜோக்காவது வரிசையில் நின்றிருக்கும். எல்லாவற்றையும் விழுங்கினேன். "கேட்டுச்சு. நீ விடாம வாசிச்சதும் கேட்டுச்சு" என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொன்னேன்: "கொலு அன்னிக்கு நான் பண்ணது தப்பும்மா."

அவள் உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து கொடுத்தாள். நான் கை கால் துடைத்துக்கொண்டிருந்தபோது, யோசித்து யோசித்து, "நாளைக்கு நீ உள்ளயே உக்காரு. ஆனா பேசக் கூடாது" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு மனைவி என் முன்னால் அவரைக்காயையும் ஒரு தட்டையும் வைத்தாள். அரை மணி நேரம் நார் உரித்தேன். ஒரு தடவை விரல் தவறியபோது மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவரைக்காயைப் பார்த்தேன். அவள் திரும்பிக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசித்தாள். அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் வாங்கிய காய்கறி எல்லாம் பியானோ பக்கத்தில்தான் நறுக்கப்பட்டது.

மகள் பெரிய வித்வான் ஆகவில்லை. கல்லூரி வரைக்கும் வாசித்தாள், இப்போதும் ஊருக்கு வந்தால் ஒரு நாளாவது மூடியைத் திறப்பாள். விரல்கள் பழக்கம் விட்டுப் போய் நிறையத் தவறும். அப்போதெல்லாம் நான் கத்தியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நாலு பேரைச் சிரிக்க வைக்க எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, என் பிள்ளை தவறி நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கத்தான் ஒரு மழை முழுக்க நனைய வேண்டியிருந்தது.