வள்ளியூருக்குப் போன வளையல்கள்

வள்ளியூர் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஊர் என்ன பாவம் செய்தது? அங்கே நல்லவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒருத்திதான், அதுவும் அவள் குரலும் ஒரு படமும் மட்டும்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பாடத்தைச் செல்போனில் அனுப்பிக்கொண்டிருந்த வருடம். அப்பா விக்கிரமசிங்கபுரத்து மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பதற்கென்று அவர் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போனில் நான் படித்ததைவிட விற்றதுதான் அதிகம். பிளாஸ்டிக் வளையலில் பட்டுநூல் சுற்றி, கல் ஒட்டி, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவேன். பக்கத்துக்குப் பெயர் வைத்தது நான், படத்துக்குக் கீழே பூவும் இதயமும் போட்டது நான், 'கையால் செய்தது' என்று பெருமையாக எழுதியதும் நான்தான். கை மட்டும் அத்தையுடையது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஆறாம் வருடம் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை இல்லை. அவளுக்கு இடதுகைப் பழக்கம் என்பதைப் போல அதுவும் ஒரு சங்கதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் சுற்றினால் நூலுக்கு நடுவே பிளாஸ்டிக் பல்லிளிக்கும். அவள் சுற்றினால் வளையல் நூலிலேயே பிறந்ததுபோல் இருக்கும்.

இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வள்ளியூரிலிருந்து ஒரு அக்கா தன் வளைகாப்புக்கு வளையல் கேட்டாள். வருகிற பெண்களுக்குக் கொடுக்க அறுபது ஜோடி, அவள் கையில் போட மாம்பழ மஞ்சளில் ஒரு செட். அதுவரை என்னிடம் வாங்கியவர்கள் வகுப்புத் தோழிகளும் அவர்களுடைய சித்திமார்களும்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முக்கால்வாசி வேலை முடிந்த சமயம், அத்தை நூல் சுற்றுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். முகம் இல்லை, கை மட்டும். யார் கை இது, இவ்வளவு நேர்த்தியாகச் சுற்றுகிறதே என்று அக்கா கேட்டாள். என் அத்தை என்றேன். அத்தைக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பிள்ளை குட்டி இல்லை அக்கா, நாள் முழுக்க இதே வேலைதான், சொன்ன தேதிக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவோம் என்று பதில் போட்டேன். என்ன சாமர்த்தியமாக வியாபாரம் பேசுகிறோம் என்று எனக்கு நினைப்பு வேறு. நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் குரலாகப் பதில் வந்தது. நான் புத்திசாலி, சத்தமாக வைத்துக் கேட்டேன். பக்கத்தில் அத்தை மாம்பழ மஞ்சள் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்டுல பெரியவங்கதான் பிள்ளையில்லாத கை பட்டது வேண்டாங்காங்க. நாங்க வேற எடத்துல பாத்துக்கிடுதோம்."

இந்தப் பெரியவங்க யாரென்றே எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊரில் நடக்கிற அநியாயமெல்லாம் அவர்கள் பேரில்தான் நடக்கிறது, ஒருவராவது முன்னால் வந்து பேசுவதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து என்னைத்தான் திட்டினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாதா, வாயைக் கட்ட மாட்டாயா என்றாள். அந்தப் பெண்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? எங்கள் சித்தியின் வளைகாப்பில் ஏழு வகைச் சோறும் கிளறியவள் அத்தை. சந்தனம் பூசும்போது ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்குச் சமையலென்றால் உயிர், அதனால்தான் அடுப்படியைவிட்டு வரவில்லை என்று நான் நம்பியிருந்தேன்.

நான் அழுதுகொண்டே அந்த அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல நாலு வார்த்தை டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். அத்தை கையிலிருந்த வளையலுக்குக் கடைசிச் சுற்று சுற்றி, பசை தடவி, நூலை நறுக்கினாள். அப்புறம்தான் பேசினாள்.

"இம்புட்டும் வீணாப் போவும்ட்டி. நான் தொடலன்னு சொல்லிரு. நீ சுத்துத மாதிரி ஒரு வீடியோ எடுத்துப் போடு."

அவளே போனைப் பிடித்து எடுத்தாள். என் கை சுற்றச் சுற்ற, இடைவெளி தெரிகிறது, பைய சுத்து என்று சைகை காட்டினாள். டைப் பண்ணியிருந்ததை அழித்துவிட்டு, முன்னால் போட்டது வேறு வேலை, உங்கள் வளையல் முழுக்க நான் சுற்றியது என்று கூசாமல் எழுதினேன். பெரியவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அறுபது ஜோடியும் மஞ்சள் செட்டும், அத்தனையும் அத்தை கை பட்டவை, கூரியரில் வள்ளியூருக்குப் போயின.

வளைகாப்பு முடிந்த அன்று சாயங்காலம் படம் வந்தது. கண்ணாடி வளையலுக்கு நடுவே எங்கள் மஞ்சள் வளையலும் அடுக்கிய இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். உனக்கு நல்ல கைராசி தங்கச்சி என்று எழுதியிருந்தாள். நன்றாக ஏமாந்தாள் என்று குதித்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று எனக்கு ஆசை.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வளையல்கள் திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்தன. பட்டுச்சேலை மூடிய வயிறு மட்டும் இருந்தது.

"நூலு எங்கயும் விலகிருக்கா அத்த?" என்று கேட்டேன்.

"இல்லட்டி. நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் கை படக்கூடாது என்றவளுக்குப் போய் இப்படிச் சொல்கிறாளே, இவளுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று நினைத்தேன். அவள் கையிலிருந்து போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் பார்த்து முடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.